சங்கிலியும் பல்சக்கரமும்

எனக்குக் கதை எழுதுவதைத் தவிர வேறு கைத்தொழில் எதுவும் தெரியாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டில் குழாய் ஒழுகினாலும், மின்விசிறி நின்றுபோனாலும் என் மனைவி என்னைக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் நான் வந்து, பார்த்து, அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போய்விடுவேன் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் நான் எழுதுகிற கதைகளில் மட்டும் கைவேலைக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு தச்சர்கள், ஒரு கொத்தனார், ரப்பர்ப் பால்வெட்டுகிறவர்கள் கணக்கில்லாமல். கடைசியாக எழுதிய நாவலில் ஒரு மோட்டார் மெக்கானிக்கும் வந்துவிட்டான். அவனால் வந்த வினையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நாவல் வெளிவந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு சிறிய பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. ரூல் போட்ட நோட்டுத் தாளில், அச்சு எழுத்தைப் போல் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதியிருந்தார். 'ஐயா, கதை நன்றாக இருந்தது. என் வீட்டில் அழுதாள். ஆனால் 11ஆம் அத்தியாயத்தில் உங்கள் ஆள் மழையில் வண்டிக்கு அடியில் உட்கார்ந்து, கீழ்ப்பக்கத்துச் செயினில் வைத்து லாக் போடுகிறான். மூடிய பக்கம் முன்னால் பார்க்கும்படி போட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே ஓடுகிற செயின்தான் முன்னால் போகும். கீழே ஓடுவது பின்னால் போகும். கீழே வைத்துப் போட்டால் மூடிய பக்கம் பின்னால்தான் இருக்க வேண்டும். நீங்கள் எழுதியபடி மாட்டிக்கொண்டு போனால் 12ஆம் அத்தியாயத்தில் அவனுக்குக் கல்யாணம் நடக்காது. ஆஸ்பத்திரியில் இருப்பான். அடுத்த பதிப்பில் திருத்தவும்.'

படித்துவிட்டுச் சிரித்தேன். மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு உள்ளுக்குள் என்னவோ இடறியது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். ஏனென்றால், நாவலில் மற்ற எத்தனையோ சமாசாரங்களை நான் கற்பனையாக எழுதியிருக்கிறேன். அந்த லாக் போடும் காட்சியை மட்டும் கற்பனை செய்யவில்லை. என் கையால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் செய்ததை அப்படியே ஞாபகத்திலிருந்து எடுத்து எழுதியிருந்தேன்.

அது 1998. பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போய், ஒரு வருஷத்தோடு அதை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். விட்டதற்குக் காரணங்கள் இருந்தன. அப்போது அவை பெரிய காரணங்களாகத் தோன்றின. நாலு மாதமாகத் திண்ணையில் படுத்துக்கொண்டு கையில் கிடைத்த புஸ்தகத்தையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு தனியார் ரப்பர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். பொழுது விடிவதற்கு முன்னால் மரத்தை வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். ஆகவே அவர் நாலு மணிக்கெல்லாம் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். வண்டி, 1996இல் கடன் போட்டு வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் அந்த மாதிரி சந்தைக்கு வந்திருந்தது. வந்த புதிதில் எங்கள் பக்கத்தில் அதை ஒரு குதிரையைப் பார்ப்பதுபோல் நின்று பார்த்தார்கள்.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்து, "மக்களே, செயினு தளந்து கெடக்கு. புதுசு ஒண்ணு வாங்கியிருக்கேன். நீ இத ஒண்ணு மாட்டிப் போடுதியா?" என்றார். பல்சக்கரங்களை மாற்றவில்லை, சங்கிலி மட்டும்தான். கையில் அவ்வளவுதான் பணம் இருந்திருக்கும். கடைக்காரர் சொல்லியனுப்பியதையும் சொன்னார்: மூடின பக்கம் முன்னால். செம்மண் அடைக்கிறதென்று சங்கிலி உறையின் கீழ்ப்பாதியை அவர் முன்பே கழற்றிப் போட்டிருந்தார். குனிந்து வேலை செய்ய அந்த இடம்தான் எனக்கு வசதியாக இருந்தது. கீழே வைத்து இணைத்தேன். மூடின பக்கம் முன்னால். சொன்னபடியே செய்தேன். முடித்துவிட்டுக் கையைக் கழுவியபோது, நாலு மாதத்தில் முதல் தடவையாக நான் ஏதோ ஒரு மனிதன் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் விடியற்காலை, கோதையாறு போகிற சாலையில் ஒரு வளைவில் சங்கிலி விட்டுப்போய் உறைக்குள் சிக்கிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. பால்வெட்டப் போன இரண்டு பேர் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடது முழங்கால். ஆசான் ஒருவர் வந்து கட்டுப் போட்டு, முறிவெண்ணெய் ஊற்றி, நாற்பத்தொரு நாள் படுக்கையில் வைத்திருந்தார். கால் கூடிவிட்டது, முழுவதும் மடங்குவது மட்டும் இல்லை. அதற்குப் பிறகு அப்பா தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "செயினு மட்டமான சாதனம்" என்று சொன்னார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் அது மட்டமான சாதனம் என்றே கால் நூற்றாண்டுக்கு மேலாக நம்பிக்கொண்டிருந்தேன். நாவலில்கூட, கதாநாயகனின் நேர்த்தியைக் காட்டுவதற்காக அல்லவா அந்த வாக்கியத்தை எழுதினேன்!

அந்த வண்டி இன்னும் எங்களிடம் இருக்கிறது. பதினைந்து வருஷப் பதிவு முடிந்து, பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டு வருகிறோம். என் மகள் அதைப் 'பாட்டாக்க வண்டி' என்றுதான் சொல்லுவாள். ஓட்டுவது நான், பெயர் பாட்டாவுக்கு. கடிதம் வந்த அந்த மழைக்காலத்தில் அதன் சங்கிலி மறுபடியும் 'கடகட'வென்று சத்தம் போட ஆரம்பித்தது. வழக்கமாகக் கொண்டுபோய் விடும் பட்டறையில் விட்டிருக்கலாம். நானே மாற்றப்போகிறேன் என்று சொன்னேன்.

"ஒங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்றாள் மனைவி.

"ஒரு கட்டுரை எழுதலாம் என்று பார்க்கிறேன்" என்றேன். அது அப்போது பொய். இப்போது இல்லை.

குலசேகரத்தில் உதிரிபாகக் கடைக்குப் போனேன். "செயின் மட்டும் போதும்" என்று சொல்லிப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சாரே, செட்டா மாத்தணும். பழைய ஸ்பாக்கெட்டில புதுச் செயினப் போட்டா, தேஞ்ச பல்லுக்குத் தகுந்த மாதிரி அதுவும் தேஞ்சுபோவும். ஆறு மாசத்தில திரும்ப வருவிய." அவர் மேஜைக்கடியிலிருந்து யாரோ கழற்றிப் போட்ட பல்சக்கரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பல்லும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நுனி வளைந்து, பால்வெட்டும் கத்தியின் மூக்கைப்போல் ஆகியிருந்தது. இவ்வளவு அழகாகத் தேய்வதற்கு எத்தனை ஆயிரம் மைல் ஆகியிருக்குமோ!

சங்கிலி நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, அது சரியான பேச்சல்ல என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இரும்புத் தகடு ரப்பரைப்போல் இழுபடுவதில்லை. ஒரு சங்கிலியில் நூற்றுக்குச் சற்று முன்பின்னாகக் கண்ணிகள் இருக்கின்றன. ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையில் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். ஒவ்வொரு மூட்டிலும் ஓர் ஊசி, அதைச் சுற்றி ஒரு குழல், அதற்கு மேல் உருளும் ஓர் உருளை. ஊசியும் குழலும் உராய்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால், அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நூறு மூட்டிலும் அப்படித் தேய்ந்தால், சங்கிலி ஒரு சென்டிமீட்டர் நீண்டுபோகிறது. பல்லின் இடைவெளி மாறாமல் இருக்கிறது, கண்ணியின் இடைவெளி மாறிவிடுகிறது. அப்புறம் உருளை பல்லின் அடியில் உட்காராமல் தோளில் ஏறி உட்கார்ந்து அதையும் அரைக்கிறது.

இந்த உருளைச் சங்கிலியைக் கண்டுபிடித்தவர் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர். சுவிட்ஸர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு வந்து தொழில் செய்தவர். 1880இல் அவர் செய்த காரியம் சின்னதுதான்: வெறும் ஊசியின்மேல் தகடு தேயாமல், ஊசிக்குக் குழல் போட்டு, உராயும் இடத்தை அகலப்படுத்தினார். அதனால் மெலிந்த சங்கிலியும் நெடுநாள் உழைத்தது. சைக்கிளும், பிறகு மோட்டார் சைக்கிளும் அதைப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தன. நூற்று நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் என் கையிலிருந்த பொட்டலத்தில் இருந்தது அடிப்படையில் அவர் செய்த அதே சங்கிலிதான். நம் பக்கத்தில் இது எப்போதோ உள்ளூர்ச் சரக்காகிவிட்டது. சென்னையில் டி.ஐ. டைமண்ட் செயின் கம்பெனி 1960இல் அமெரிக்கக் கூட்டுறவோடு ஆரம்பமானது. கோயமுத்தூரில் 1937இல் போக்குவரத்துத் தொழிலாகத் தொடங்கிய எல்.ஜி.பி.காரர்கள் பின்னால் 'ரோலான்' என்ற பெயரில் சங்கிலி செய்ய முனைந்தார்கள். எங்கள் குலசேகரம் கடையில் இரண்டு அட்டைப்பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருந்தது. எதை வாங்கினேன் என்று சொல்லப்போவதில்லை, விளம்பரம் போலாகிவிடும்.

வேலை ஞாயிற்றுக்கிழமை காலை ஆரம்பமாயிற்று. பேச்சிப்பாறைக்கு வராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு மழைக்காலம் ஒன்றல்ல, இரண்டு. ஆனி ஆடியில் மேற்கிலிருந்து ஒன்று. ஐப்பசி கார்த்திகையில் கிழக்கிலிருந்து ஒன்று. இரண்டும் மலையில் முட்டிக்கொண்டு கோதையாற்றில் இறங்கி அணைக்கு வந்து சேருகின்றன. திருவிதாங்கூர் அரசர் மூலம் திருநாள் காலத்தில், 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த அணை. கட்டிய என்ஜினீயர் மிஞ்சின் துரையின் சமாதி அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. அப்பா அதைக் கடக்கும்போது இன்றைக்கும் கையை நெற்றிக்குக் கொண்டுபோவார். அந்த அணைத் தண்ணீரால் நாஞ்சில் நாடு முழுவதும் நெல் விளைந்தது. எங்களுக்கு விளைவது துரு. வாங்கிய ஆணி மறுமாதம் சிவந்துவிடும். வண்டிச் சங்கிலி எப்படிப் பிழைக்கும்?

அப்பா திண்ணையில் நாற்காலியைப் போட்டு, இடது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு எழுபத்தைந்து ஆகிறது. கையில் பேப்பர் இருந்தது. ஆனால் பக்கம் திரும்பவில்லை. என் மகள் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். என்னைவிட அவளுக்கு இதில் அதிக நம்பிக்கை இருந்தது.

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சங்கிலி உறையின் இரண்டு பாதியையும் கழற்றினேன். உள்ளே இருந்தது சங்கிலியா, சேறா என்று சொல்ல முடியவில்லை. கியர் பெடலை உருவி, முன்பக்கத்து மூடியைத் திறந்தேன். அங்கே ஒரு கைப்பிடி கறுப்புக் களி. அதை ஸ்க்ரூ டிரைவரால் தோண்டி எடுத்தபோது, ஏதோ புராதன நகரத்தைத் தோண்டுகிறவனைப்போல் உற்சாகமாக இருந்தது. அந்த உற்சாகத்திலேயே பழைய சங்கிலியின் லாக்கைக் குறட்டால் நெம்பிக் கழற்றிச் சங்கிலியை உருவிக் கீழே போட்டேன். பிறகு முன் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு போல்ட்டையும் பத்தாம் நம்பர் ஸ்பானரால் திருப்பினேன். போல்ட் திரும்பவில்லை, பல்சக்கரமே திரும்பியது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது என்னோடு சேர்ந்து சுற்றியது. கால் மணி நேரம் இந்த விளையாட்டு நடந்தது.

திண்ணையிலிருந்து, "செயின உருவதுக்கு முன்ன அந்த போல்ட்ட லூசாக்கணும்" என்று சத்தம் வந்தது.

"முன்னாலேயே சொல்லக்கூடாதா அப்பா?"

"நீ கேக்கலியே."

பழைய சங்கிலியையே திரும்பச் சுற்றி, லாக் போடாமல் இணைப்புக் கண்ணியை மட்டும் செருகினேன். வண்டியை கியரில் போட்டு, மகளைப் பின் பிரேக்கை அமுக்கச் சொன்னேன். இப்போது பல்சக்கரம் அசையவில்லை. போல்ட் ஒரு 'டிக்'கென்ற சத்தத்தோடு இளகியது. உலகத்தில் உள்ள பெரும்பாலான வேலைகள் வரிசைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாவலில் நாலாம் அத்தியாயத்தைப் பத்தாவதாக வைத்தால் விமர்சகர்கள் உத்தி என்பார்கள். பல்சக்கரம் அப்படிச் சொல்லுவதில்லை.

பின் ஆக்சில் நட்டு அடுத்த சோதனை. துருவேறி ஒன்றாக வளர்ந்துபோயிருந்தது. ஒரு காலத்தில் ரேஷன் மண்ணெண்ணெய் எல்லா வீட்டிலும் இருந்தது. இப்போது அதற்கு எங்கே போக? பக்கத்து வீட்டு ஜீப்பிலிருந்து கொஞ்சம் டீசல் வாங்கிவந்து ஊற்றி, சாயை குடித்து முடிக்கும்வரை ஊற விட்டோம். பிறகு ஸ்பானரின் வாலில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் என் பாரத்தைப் போட்டேன். இளகியது. மூட்டு விட்டது நட்டுக்கா எனக்கா என்று முதலில் தெரியவில்லை.

சக்கரம் கைக்கு வந்த பிறகு வேலை இலேசாகிவிட்டது. பின் பல்சக்கரத்தின் நட்டுகளுக்கு அடியில், அவை தானாக இளகாதபடி மடித்து விட்டிருக்கும் தகட்டை நிமிர்த்தி, பழையதைக் கழற்றிப் புதியதைப் பூட்டினோம். குடத்துக்குள்ளே ரப்பர்க் கட்டைகள் இருந்தன. சங்கிலி வெட்டி இழுக்கும்போது சக்கரத்துக்கு அதிர்ச்சி போகாமல் அவை நசுங்கிக் கொடுக்கின்றன. அப்பா அவற்றைக் கொண்டுவரச் சொல்லி, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் ரப்பரோடு இருந்தவர். "இது இன்னும் ஓடும். ஆனா அடுத்த மட்டம் மாத்திரு" என்று தீர்ப்புச் சொன்னார்.

புதுச் சங்கிலியைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது என் மகள் அதை இரு கையாலும் ஏந்திக்கொண்டாள். எண்ணெய்ப் பளபளப்போடு, பாம்புக் குட்டியைப்போல் கைக்குக் கை வழிந்தது. பழையதைப் பக்கத்தில் நீட்டி வைத்துப் பார்த்தோம். அதே எண்ணிக்கைக் கண்ணிகள். பழையது ஒரு விரல் அகலத்துக்கு மேல் நீளம். குறுக்காகத் தூக்கிப் பிடித்தால் புதியது விறைப்பாக நின்றது; பழையது தும்பிக்கைபோல் துவண்டது.

சுற்றிப் போட்டோம். இரண்டு நுனியையும் பின் பல்சக்கரத்தின் மேலேயே கொண்டுவந்தால், பற்களே அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு கையும் நமக்கு மிச்சம். இது பட்டறை வாசகர் எழுதிய பதில் கடிதத்தில் சொல்லித் தந்த உபாயம். ஆமாம், நான் அவருக்கு எழுதியிருந்தேன். நாவலைப் பற்றியல்ல, லாக்கைப் பற்றி. ஏன் அது கழன்றுபோகிறது என்று கேட்டிருந்தேன். அவர் ஒரு படம் போட்டு விளக்கியிருந்தார். லாக் என்பது மீனின் வடிவத்தில் ஒரு மெல்லிய எஃகுத் தகடு. தலைப்பக்கம் மூடியிருக்கும், வால்பக்கம் பிளந்திருக்கும். இணைப்பு ஊசிகளின் கழுத்தில் உள்ள வெட்டில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். சங்கிலி ஓடும்போது வழியில் எதிலாவது உரசினால், தலை உரசினால் ஒன்றும் ஆகாது, வழுக்கிக்கொண்டு போய்விடும். பிளந்த வால் முன்னே போனால், உரசுகிற எதுவும் அதைக் கொளுவி நெம்பிவிடும். 'மீன் எப்போதும் தலையை முன்னால் வைத்துத்தான் நீந்தும் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா' என்று எழுதியிருந்தார். முன்னால் என்றால் வண்டிக்கு முன்னால் அல்ல. சங்கிலி போகிற போக்குக்கு முன்னால். மேலே ஓடும்போது இரண்டும் ஒன்றுதான். கீழே வந்தால் எதிர்.

இணைப்புக் கண்ணியை உள்ளிருந்து செருகினேன். வெளித்தகட்டை வைத்து அமுக்கினேன். லாக்கைக் கையில் எடுத்தேன். விரல் நகம் அளவுகூட இல்லை. நாங்கள் இணைத்திருந்தது பல்சக்கரத்தின் பின்புறம். அங்கே சங்கிலி கீழேயிருந்து மேலே ஏறுகிறது. அப்படியானால் தலை மேலே இருக்க வேண்டும். இதைப் பத்து தடவை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றியும் பார்த்தேன். எல்லாம் தெரிந்திருந்தும் கை போகவில்லை.

"மூடின பக்கம் மேல" என்றார் அப்பா. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் பின்னால் நின்றிருந்தார். வந்த சத்தம் கேட்கவில்லை.

நான் திரும்பாமல், "அப்பா, அண்ணைக்கு நான் திருப்பிப் போட்டுட்டேன்" என்றேன்.

"எண்ணைக்கு?"

"தொண்ணூத்தெட்டுல. கோதையாத்து ரோட்டுல நீங்க விழுந்தப்போ."

அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. என் மகள் விளக்கை என் முகத்துக்குத் திருப்பினாள். பிறகு கீழே தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கு அறியாம்" என்றார் அப்பா.

எழுந்து நின்றேன்.

"நீ மாட்டின அண்ணைக்குச் சாயங்காலமே பாத்தேன். வண்டியத் தொடச்சிட்டு இருக்கும்போ கண்ணில பட்டுது."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"என்னத்தச் சொல்ல? நாலு மாசம் கழிச்சு அண்ணைக்குத்தான் எந்திரிச்சு ஒரு வேலை செய்திருக்கே. ராத்திரி நல்லாத் தின்னே. அம்மைக்கிட்ட சிரிச்சுப் பேசினே. அப்ப போய் இது தப்புன்னு சொல்லவா? நீ ஒறங்கினப் பெறவு நானே திருப்பிப் போட்டுரலாம்னு வச்சிருந்தேன்."

"போடலியா?"

"மழை புடிச்சிட்டுது. பெறவு மறந்துபோச்சு. மறுநாளும் மறந்துபோச்சு." பேப்பரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "தெரிஞ்சே ஏறி ஓட்டினவன் நானாக்கும். கண்ணால பாத்துட்டு, மூணாம் நாளு அதே வண்டியில போனா, அது ஆரு செய்த மடத்தனம்? ஒன்கிட்ட சொன்னா அம்மைக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா என்னைய வீட்டுல கேத்தியிருக்க மாட்டா. அதான் செயினு மட்டம்னு சொன்னேன். அந்தக் கடைக்காரன்தான் பாவம்."

அம்மா போய் ஆறு வருஷமாகிறது. இனிமேல் அவளுக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் அப்பா அதைச் சொல்லும்போது சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

எனக்குச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கதையில் இந்த மாதிரி இடத்தில் யாராவது ஒருவரை அழ வைத்திருப்பேன். இங்கே என் மகள்தான், "அப்பா, லாக்க நான் போடட்டா?" என்று கேட்டாள். கொடுத்தேன். தலை மேலே இருக்க வைத்து, குறட்டால் ஓர் அமுக்கு அமுக்கினாள். 'டக்'கென்று உட்கார்ந்தது. அப்பா குனிய முடியாமல் குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "ஒரு மட்டம் சுத்திக் காட்டு" என்றார். அவள் சக்கரத்தைச் சுற்றினாள். மீன் மேலே ஏறி, முன்னால் போய், பல்சக்கரத்தை வளைத்து, கீழே வந்து, பின்னால் நீந்தி, மறுபடியும் எங்களிடம் வந்தது. எல்லா இடத்திலும் தலைதான் முன்னால்.

மிச்சம் இருந்தது தளர்வு பார்ப்பது. கீழ்ச்சங்கிலியின் நடுவில் விரலை வைத்துத் தூக்கினால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும். அதற்கு மேல் ஆடினால் நழுவும். ஆடாமல் விறைத்து நின்றால் ஆள் ஏறி உட்காரும்போது சங்கிலியையும் பேரிங்கையும் தின்றுவிடும். சக்கரத்தின் இரண்டு பக்கமும் உள்ள கோடுகள் ஒரே அளவில் வரும்படி முறுக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் சக்கரம் கோணிவிடும். இதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு பக்கத்தை முறுக்கினால் மறுபக்கம் மாறியது. பிரேக் கம்பியின் நட்டுக்குப் பிளவு ஊசி போட மறந்து, உறையை மூடிய பிறகு ஞாபகம் வந்து, ஊசியைத் தேடி, அது மகளின் பாவாடை மடிப்பில் அகப்பட்டது. எண்ணெய் விஷயத்தில் எனக்கும் அப்பாவுக்கும் தகராறு. அவர் அந்தக் காலத்து மனிதர்; கரி ஆயில் போதும் என்றார். அது என்ஜினில் ஓடிக் கெட்டுப்போன எண்ணெய், அதில் உலோகப் பொடி இருக்கும் என்று நான் வாதாடினேன். நான் வாங்கி வைத்திருந்த கியர் ஆயிலை ஊற்றினோம். அவர் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது. அவருக்குப் பசித்துவிட்டது.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "அணை வரைக்கும் போயிட்டு வருவோம்" என்றார். பின்னால் ஏறி உட்கார்ந்தார். மடங்காத காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொள்வது அவர் வழக்கம். சங்கிலிச் சத்தம் கேட்கவே இல்லை. நான் முதல் அரை மைல் காதை அதிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினேன். மிஞ்சின் துரை சமாதியைத் தாண்டும்போது பின்னால் அப்பா கையை எடுப்பது தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் போ" என்றார். கோதையாறு ரோட்டில் அந்த வளைவு வரை போனோம். அங்கே இப்போது சாலையை அகலப்படுத்தி, ஓரத்தில் தடுப்புக் கட்டை வைத்திருக்கிறார்கள். பழைய ரப்பர் மரங்கள் 2017இல் ஒக்கிப் புயலில் சாய்ந்துவிட்டன. புதிதாக வைத்த கன்றுகள் ஆள் உயரத்துக்கு மேல் நின்றன. நான் வண்டியை நிறுத்தினேன். "ஏன் நிறுத்தினே?" என்றார். திருப்பிக்கொண்டு வந்துவிட்டோம்.

பட்டறை வாசகருக்கு எழுதினேன். 11ஆம் அத்தியாயத்தை இரண்டாம் பதிப்பில் திருத்துவதாகச் சொல்லியிருக்கிறேன். முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்தால் இரண்டாம் பதிப்புப் போடலாம் என்று பதிப்பாளரும் சொல்லியிருக்கிறார். பழைய சங்கிலியை இரும்புக்காரனிடம் போடலாம் என்றேன், அப்பா கேட்கவில்லை. கிணற்றடியில் வாளி மாட்ட ஆகும் என்று எடுத்து வைத்துக்கொண்டார். இன்றுவரை மாட்டவில்லை.

புதுச் சங்கிலி முதலில் கொஞ்சம் தளரும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடியும் பார்த்து முறுக்க வேண்டுமாம். அப்பா தினமும் காலையில் வண்டிக்குப் பக்கத்தில் வந்து மீட்டரைப் படித்துவிட்டுப் போகிறார். இன்று முன்னூற்றிருபது ஆகியிருக்கிறது.